நிலத்துக்குள் இருக்கும் வரலாறு

மெக்சிகோவின் கடலோரக் கிராமங்களில் நிலம் வாங்கப் போகும் வெளிநாட்டவரை முதலில் மறிப்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரையுள்ள மண்ணை அவர் தம் பெயரில் கிரயம் செய்துகொள்ள முடியாது. வேறு இடத்தில் வாங்கினாலும், அந்தச் சொத்துக்காகத் தம் நாட்டு அரசின் உதவியை நாடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1917-இல் பிறந்த இந்த விதியை அந்நியர் மீதான வெறுப்பு என்பவர்கள், அதற்கு முந்தைய நூறாண்டைப் பார்ப்பதில்லை. 1820-களில் டெக்சாஸில் குடியேற அமெரிக்கர்களுக்கு மெக்சிகோ நிலம் கொடுத்தது. 1836-இல் அவர்கள் தனிநாடு அறிவித்தார்கள். 1848-இல் அமெரிக்காவுடனான போர் முடிந்தபோது நாட்டில் ஏறக்குறைய பாதி பறிபோயிருந்தது. பட்டயம் காட்டி வந்தவர்களிடம் நாட்டையே பறிகொடுத்தவர்கள் எழுதிய சட்டம் இது.

இதைவிட ஆழமான வில்லங்கம் ‘எஹிதோ’ நிலத்தில் இருக்கிறது. மெக்சிகப் புரட்சிக்குப் பின் பண்ணைகளைப் பிரித்து, ஊர்ச் சமூகங்களுக்கு உழுதுண்ண அரசு கொடுத்த நிலம் அது. விற்கவோ அடகு வைக்கவோ 1992 வரை உரிமை கிடையாது. அதன்பிறகும், எஹிதோ உறுப்பினர் சபை கூடி ஒப்புக்கொண்டு, வேளாண் பதிவேட்டில் ஏறிய பிறகே தனிச்சொத்தாக்கி வெளியாருக்கு விற்க முடியும். இந்தப் படிகளைத் தாண்டாத நிலத்துக்கு எஹிதோத் தலைவர் ஒருவர் கையெழுத்திட்டுத் தரும் தாளை நம்பிப் பணம் கொடுப்பவர் கையில் மிஞ்சுவது தாள் மட்டுமே.

வங்கியின் பெயரில் பத்திரம், வெளிநாட்டவருக்கு அனுபவ உரிமை என்ற அறக்கட்டளை ஏற்பாடு இருக்கும்போது கடலோர, எல்லைத் தடைக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடியிருப்பு மனைகளுக்கு மட்டும் தடையை நீக்க 2013-இல் மெக்சிகோவின் கீழவை வாக்களித்தது. மேலவையில் அது நின்றுபோனது. நாட்டை இழந்த நினைவு இன்னும் ஆறவில்லை என்றே இதை நான் படிக்கிறேன். ஆனால், எஹிதோ நிலத்தில் ஏமாறும்போது குற்றமெல்லாம் வாங்குபவரின் அவசரத்தில்தான் என்று தீர்ப்பளித்துவிடவும் முடியாது. என்செனாடா அருகே புன்டா பண்டாவில் எஹிதோவிடம் மனை குத்தகைக்கு எடுத்து வீடு கட்டிய அமெரிக்கர்கள் பலர், 2000-இல் வெளியேற்றப்பட்டார்கள். அரசே எஹிதோவுக்கு ஒதுக்கிய நிலம், முந்தைய தனியார் உரிமையாளர்களுடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே பிழை தொடங்கியது அரசின் ஒதுக்கீட்டில். வீடு கட்டியவர்களோடு சேர்ந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்ட எஹிதோவும் அந்தக் கடற்கரையை இழந்தது.