உள்குத்தகையும் 'ஆக்குபையர்' என்ற சொல்லும்: ஒரு சிறு வரலாறு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வெடிவிபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரிசை பழகிப்போயிருக்கும். முதல் நாள் இறந்தவர்கள் எண்ணிக்கை. இரண்டாம் நாள் நிவாரணத் தொகை. மூன்றாம் நாள் ஒரு சொல் வரும்: உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேரில், ஆலையை நடத்தியது வேற ஆள் என்று ஒரு வரி இருக்கும். பிறகு போர்மேன் கைது. அத்தோடு செய்தி நின்றுவிடும்.

அந்த மூன்றாம் நாள் சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய சட்டக் கேள்வி இருக்கிறது. ஒரே இடத்தைப் பலர் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்தால், அங்கே நடக்கிறதுக்கு யார் பொறுப்பு? இடத்துக்காரரா, வாடகைக்கு இருப்பவரா, நடுவில் சாவியை வைத்துக்கொண்டு வசூல் பண்ணுகிறவரா? எட்டுக் குடித்தனம் இருக்கிற வளவுக்கும், மேன்ஷனுக்கும், லேடீஸ் ஹாஸ்டலுக்கும் இதே கேள்விதான். இதற்குச் சட்டம் பதில் சொல்ல ஆரம்பித்து 170 வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பதில் எங்கே பிறந்து எப்படி நம் ஊருக்கு வந்தது என்று தேடிப் படித்ததை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விடுதியும் ஆலையும்

இங்கிலாந்தில் 1851-இல் பொது விடுதிகளுக்கு ஒரு சட்டம் வந்தது. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள் இரவுக்குக் காசு கொடுத்துப் படுக்கும் இடங்கள் அவை. ஓர் அறையில் எத்தனை பேரை அடைப்பது என்பதற்குக் கணக்கே கிடையாது. புதுச் சட்டம் விடுதியை நடத்துபவர் பெயரைப் பதிவு செய்யச் சொன்னது, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது, அதிகாரி உள்ளே வந்து பார்க்க வழி செய்தது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடியவரும் இவர்தான்.

அந்தக் காலத்து ஆலைச் சட்டங்களில் பொறுப்பாளியைக் குறிக்கும் சொல் 'ஆக்குபையர்'. தமிழில் அனுபோகதாரர் என்று சொல்கிறார்கள். உரிமையாளர் என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி, இடத்தைக் கையில் வைத்து ஆள்கிறவரைப் பிடிக்க வேண்டும்.

சிக்கல் வந்தது வாடகையில். லங்காஷயரில் ஒரே நெசவாலையை அறை அறையாக, நீராவி இயந்திர விசையோடு சேர்த்து, சின்ன முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஷெஃபீல்டில் கத்தி தீட்டும் தொழிலாளிகள் ஆளுக்கொரு சாணை இடத்தை வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தார்கள். கல் தூசி நுரையீரலில் ஏறிச் சின்ன வயதிலேயே செத்துப்போனார்கள். தூசியை இழுக்கும் விசிறியை யார் மாட்டுவது? என் இடம் இந்த ஆறடி மட்டும்தான் என்பார் வாடகைக்காரர். வாடகைக்கு விட்டாச்சு, எனக்கென்ன என்பார் கட்டடக்காரர்.

1901-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் இப்படிப்பட்ட இடத்தை 'டெனமென்ட் ஃபாக்டரி' என்றே குறிப்பிட்டது. பல குடித்தனம் இருக்கும் கட்டடத்துக்கு வழங்கும் அதே டெனமென்ட். இங்கே பல கடமைகளைச் சட்டம் வாடகைக்காரரிடமிருந்து எடுத்து இட உரிமையாளர் தலையில் வைத்தது. ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்த இடத்தில், பிரிக்க முடியாதவற்றுக்கு இடத்துக்காரரே பதில் சொல்ல வேண்டும் என்ற விதி இப்படி நிலைத்தது.

இந்தியச் சட்டத்தின் மூன்று கதவுகள்

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்துக்கு இந்த விதி அப்படியே வந்து சேர்ந்தது. மூன்று பிரிவுகளைப் பார்த்தால் போதும்.

93-ஆம் பிரிவு: ஒரே வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களை வெவ்வேறு ஆட்களுக்குத் தனித்தனித் தொழிற்சாலையாகக் குத்தகைக்கு விட்டால், பாதை, வடிகால், தண்ணீர், விளக்கு, கழிப்பிடம் போன்ற பொது வசதிகளுக்கு இட உரிமையாளரே பொறுப்பாக இருந்தார். தளம் தளமாக விட்டால் பொறுப்பு இன்னும் கூடியது. தீத்தடுப்பும் அவர் கணக்கில் சேர்ந்தது.

85-ஆம் பிரிவு: இடத்துக்காரர் சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், அவரது அனுமதியோடோ ஒப்பந்தத்திலோ மற்றவர்கள் வந்து வேலை செய்யும் இடத்தையும் மாநில அரசு தொழிற்சாலையாக அறிவிக்க முடிந்தது. அறிவித்துவிட்டால் உரிமையாளரே ஆக்குபையராகக் கருதப்பட்டார். குத்தகைக்கு எடுத்து இடத்தைக் கையில் வைத்திருந்தவரும் இந்தப் பிரிவில் 'உரிமையாளர்'தான்.

7-ஆம் பிரிவு: மேனேஜர் யார் என்று ஆக்குபையர் எழுதித் தர வேண்டியிருந்தது. யாரையும் நியமிக்காமல் விட்டால், மேனேஜர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவரோ அவரே மேனேஜர். அப்படியும் ஆள் இல்லையென்றால் ஆக்குபையரே மேனேஜர். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதில் சட்டம் அத்தனை கவனமாக இருந்தது.

ஆக்குபையர் என்பதற்கு 1948 சட்டம் தந்த இலக்கணம்: தொழிற்சாலை விவகாரங்களில் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர். போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் இதை இறுக்கினார்கள். கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையர். அதிகாரி ஒருவரைக் காட்டிவிட்டு இயக்குநர் நழுவ முடியாது என்று ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதி செய்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே சொல், இதே இறுதிக் கட்டுப்பாடு.

சிவகாசிக்கு வருவோம்

1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பட்டாசு அதற்குப் பின்னால் வந்தது. தீப்பெட்டி வேலையில் கணிசமானது வீட்டுத் திண்ணைக்கே போனது. பட்டாசில் அது முடியாது. வெடிபொருள் விதிகள்படி உரிமம் ஓர் ஆளுக்கு, ஓர் இடத்துக்கு, வரைபடத்தில் காட்டிய அறைகளுக்கு. அதிகாரிகள் அனுமதியில்லாமல் இன்னொருவர் கைக்கு மாறக் கூடாது. அதாவது 93-ஆம் பிரிவு மற்ற தொழில்களுக்குத் திறந்துவைத்த 'பங்கு போட்டு நடத்தலாம்' என்ற கதவு, வெடிமருந்துக்குச் சாத்தியே இருக்கிறது.

ஆனால் பொருளாதாரம் வேறு மாதிரி ஓடுகிறது. நாக்பூர் லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட வேலையில்லை. நிலம் வேண்டும், இடைவெளி விட்டு அறைகள் கட்ட வேண்டும், பல துறைகளின் அனுமதி வேண்டும். இன்னொரு பக்கம், மருந்துக் கலவை தெரிந்த, ஆள் திரட்டத் தெரிந்த, லைசென்ஸுக்கு வழியில்லாத போர்மேன்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ்காரருக்கு நிச்சயமான வாடகை, போர்மேனுக்கு ஒரு சீசன் வருமானம். அறைகள் ஆள் ஆளுக்குப் பிரிந்துவிடுகின்றன.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளம் ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலை குத்தகைக்குப் போய், உள்குத்தகையாகப் பலர் கைக்குப் பிரிந்திருந்தது என்பது அடுத்த சில நாட்களில் செய்தித்தாள்களில் வெளிவந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் சொன்னது.

யாருக்கும் சொந்தமில்லாத நடு இடம்

உள்குத்தகை சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஏன் ஆளைக் கொல்கிறது? லைசென்ஸ் இல்லாதவர் நடத்துவதால் என்று சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் புரியும். அந்தப் போர்மேனுக்கு லைசென்ஸ்காரரை விட வேலை நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

வளவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பொதுவானது மாடிப்படி, கிணறு, கழிப்பறை, மீட்டர் பெட்டி. அவற்றை ஒருவர் கவனிக்காவிட்டால் நாறும், சண்டை வரும், சில நேரம் தீப்பிடிக்கும். பட்டாசு ஆலையில் பொதுவானது என்ன? இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் வெற்று மண். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது அந்த வெறுமைதான். ஆலையிலேயே மிக முக்கியமான பாதுகாப்புச் சாதனம் அது. மருந்தை எந்த வழியாகக் கொண்டுபோவது, எத்தனை அறையில் எந்த ரகம் ஓட்டுவது, மிச்ச மருந்தை எப்போது அப்புறப்படுத்துவது என்பதும் அந்த நடு இடத்தைச் சேர்ந்த முடிவுகள்தான்.

ஆலை ஒருவர் கையில் இருந்தால் அந்த இடத்தைக் காலியாக வைப்பதன் லாபமும் அவருக்கு, நஷ்டமும் அவருக்கு. அறைக்கு ஓர் ஆள் என்று பிரிந்துவிட்டால் கதையே வேறு. நாலு பேர் வேலை பார்க்கும் அறைக்கு நான் வாடகை கொடுத்தாச்சு; இன்னும் நாலு பேரை வெளியே மரத்தடியில் உட்கார வைத்தால் எனக்கு லாபம், ஆபத்து பக்கத்து அறைக்காரனுக்கும் சேர்த்து. அவனும் அதையே நினைப்பான். மரத்தடி வேலை, அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து என்று விபத்துக்குப் பின் மறுபடி மறுபடி எழுதப்படும் மூன்றும் இந்தக் கணக்கிலிருந்து பிறக்கின்றன. என் துறையில் பல புரோகிராம்கள் ஒரே நினைவகத்தைப் பூட்டில்லாமல் பங்கு போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இதுவும். அங்கே மெஷின் ஹேங் ஆகும், அவ்வளவுதான்.

அந்த நடு இடம் எத்தனை முக்கியம் என்பதற்கு 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தே சாட்சி. இறந்த 38 பேரில் அந்த அறைகளில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிப்போன ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

"நான் குத்தகைக்கு விட்டுட்டேன்"

விபத்துக்குப் பிறகு லைசென்ஸ்காரர்கள் சொல்லக்கூடிய முதல் வாதம் இது. வீட்டு வாடகையில் இது ஓரளவு எடுபடும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமே எந்தப் பழுது வீட்டுக்காரருக்கு, எந்தப் பழுது குடியிருப்பவருக்கு என்று பட்டியல் போட்டுப் பிரிக்கிறது. எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகை கூடாது என்கிறது.

தொழிற்சாலையில் இந்த வாதம் திரும்பி வந்து சொன்னவரையே அடிக்கும். ஆக்குபையர் தப்பிக்க 1948 சட்டம் 101-ஆம் பிரிவில் ஒரே ஒரு வழி விட்டிருந்தது. சட்டத்தை நிறைவேற்ற உரிய கவனம் எடுத்தேன், குற்றத்தை இன்னொருவர் என் அறிவோ சம்மதமோ உடந்தையோ இல்லாமல் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அறைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கியவர் 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வார்? குத்தகைச் சீட்டு அவரைக் காப்பாற்றும் ஆவணம் ஆகாது. கட்டுப்பாட்டை விற்றதற்கான ரசீது அது.

சட்டத்தில் ஓட்டை என்று நான் நினைக்கவில்லை. ஆக்குபையர், மேனேஜர் இருவருமே குற்றவாளிகள் என்று 1948 சட்டத்தின் 92-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. ஆனால் வழக்கு பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் ஆளைத் தேடுகிறது. இங்கிலாந்தில் பலர் பங்கு போட்டுத் தங்கும் வாடகை வீடுகளுக்கு 2006-இல் வந்த விதிகளில், மேனேஜரின் முதல் கடமையே தன் பெயர், முகவரி, போன் நம்பரை எல்லோர் கண்ணிலும் படும்படி வீட்டில் ஒட்டி வைப்பதுதான். பட்டாசு ஆலை அறைச் சுவரில் அறை எண், ஆள் வரம்பு, மருந்து அளவு எழுதியிருக்கும். அதற்குக் கீழே, இன்றைக்கு இந்த அறையை நடத்துகிறவர் பெயர், சம்பளம் கொடுப்பவர் பெயர் என்று இரண்டு வரி இருக்கட்டும். அது லைசென்ஸில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தொழிலாளிக்கும், பஞ்சாயத்து உறுப்பினருக்கும் முடியும். ஒத்துப்போகாத அன்றைக்கு அந்த அறையைப் பூட்ட வேண்டும், அடுத்த நாள் செய்தித்தாள் வருவதற்கு முன்னால்.