பாஸ்டன் பணமும் பூனா பள்ளிக்கூடமும்

"ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து எங்கள் கம்பெனி ஃபவுண்டேஷனுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. நிதி கொடுக்கலாமா, கூடாதா?" தாபோடி, கட்கி பக்கம் இருக்கும் நம்மவர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்வி இது. வங்கிக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை :-)

சட்டத்துக்குப் பிறகு வருவோம். இதே கேள்வி 130 வருஷத்துக்கு முன்பே புனேயில் பெரிய சண்டையாக வெடித்திருக்கிறது. முதலில் அந்தக் கதை.

பண்டித ரமாபாய் (1858-1922) பதினாறு வயதில் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர். 1882-ல் கணவரும் போய்விட்டார். மறு வருஷம் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். பிறகு அமெரிக்கா போய், இங்கே குழந்தை விதவைகள் படும் பாட்டை ஊர் ஊராகச் சொன்னார். 1887 கடைசியில் பாஸ்டனில் 'ரமாபாய் சங்கம்' உருவானது. விதவைப் பெண்களுக்கு அவர் தொடங்கும் பள்ளிக்குப் பத்து வருஷம் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பள்ளி எந்த மதத்தையும் சாராமல் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை.

1889 மார்ச் 11-ல் மும்பையில் 'சாரதா சதன்' திறந்தது. 1890-ல் புனேவுக்கு மாறியது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். நிதியும் நிபந்தனையும் இருந்தன, மேற்பார்வைக்கும் ஆள் இருந்தார்கள். இன்றைய கமிட்டி எதுவும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடும்.

சிக்கல் 'மதம் சாராமல்' என்ற வார்த்தையில் வந்தது. ரமாபாய் தன் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜெபம் செய்வார். விருப்பப்பட்ட பெண்கள் வந்து உட்காருவார்கள். "நான் யாரையும் கூப்பிடவில்லை, தடுக்கவும் மாட்டேன்" என்பது அவர் நிலை. பெண்களிடம் கிறிஸ்தவச் செல்வாக்கே இருக்கக்கூடாது என்று குழு நினைத்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கி எழுதியது. 1893-ல் குழுவினர் விலகினார்கள். பல வீடுகளில் பெண்களைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போய்விட்டார்கள்.

பாஸ்டன் பணத்தை நிறுத்தவில்லை. ரமாபாயும் பள்ளியை மூடவில்லை. நஷ்டம் பாதிப் படிப்பில் வீட்டுக்குத் திரும்பிய அந்தப் பெண்களுக்குத்தான்.

லோன் சாங்ஷன் கடிதத்தில் ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கேயும் அதேதான். நல்லெண்ணத்தில் யாருக்கும் குறைவில்லை. வார்த்தைக்கு என்ன பொருள் என்று முதலிலேயே பேசி எழுதி வைக்கவில்லை.

இன்றைக்குப் பார்க்க வேண்டிய காகிதங்கள் தெளிவாகவே இருக்கின்றன. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவில் வருகிறது. அந்தப் பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் தொண்டு நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆதரவற்ற குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லம் என்றால் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பணம் தருவதானால் பாஸ்போர்ட்டைக் கவனியுங்கள். இந்தியக் குடிமகன் வங்கி வழியாகத் தன் சொந்தப் பணத்தை அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். அதை வாங்க இல்லத்துக்கு அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

இதெல்லாம் வாசல்படி. உள்ளே போனதும் கேட்க வேண்டியவை மூன்று. நிபந்தனையை இரு தரப்பும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறதா? மேற்பார்வை செய்பவருக்குப் பொறுப்போடு அதிகாரமும் இருக்கிறதா? நாளை உறவு முறிந்தால் அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத விண்ணப்பத்தை நான் திருப்பி அனுப்பச் சொல்வேன். பதில் எழுதாமல் நிதி தரும் ஃபவுண்டேஷனையும் சேர்த்துத்தான்.

அந்தப் பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாரதா சதனில் படித்த கோதுபாய் என்ற இளம் விதவையை 1893-ல் தோண்டோ கேசவ கார்வே மணந்தார். 1896-ல் அவர் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். ரமாபாய் அமைத்த முக்தி மிஷன் கேட்காவில் இன்றும் இருக்கிறது. புனேயிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகும்போது, தவுண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஸ்டேஷன் அது.