போர் ஆலைகளைக் கட்டியதா? அமெரிக்க உள்நாட்டுப் போரும் தொழில்வளர்ச்சியும்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரே அமெரிக்காவைத் தொழில்வல்லரசாக்கியது என்னும் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. சார்லஸ் பியர்டும் மேரி பியர்டும் 1927இல் அப்போரை 'இரண்டாம் அமெரிக்கப் புரட்சி' என்றே அழைத்தனர். 1961இல் தாமஸ் காக்ரன் உற்பத்திப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதனை மறுத்தார். போர் நிகழ்ந்த பத்தாண்டில் பல துறைகளின் வளர்ச்சி வேகம் முந்தைய பத்தாண்டினும் குறைந்திருந்தது. தெற்கிலிருந்து பஞ்சு வராமையால் வடக்கின் பருத்தியாலைகள் பல முடங்கின. புதிய இருப்புப்பாதைப் பணிகள் மந்தமடைந்தன. வீரர்கள் மட்டும் 6 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவ்வாறாயின் போரின் பங்களிப்பு யாது? அதனை ஆலைகளில் அன்று, சட்டமன்றத்தில் தேட வேண்டும். தென் மாநிலங்கள் பிரிந்தபோது அவற்றின் உறுப்பினர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தினின்றும் வெளியேறினர். உயர்ந்த சுங்கவரிக்கும் இலவச நிலப் பகிர்வுக்கும் அதுவரை பெருந்தடையாக நின்றவர்கள் அவர்களே. தடை அகன்றதும் சட்டங்கள் விரைந்து நிறைவேறின: 1861இல் மோரில் சுங்கவரிச் சட்டம்; 1862இல் குடியேற்ற நிலச் சட்டம், பசிபிக் இருப்புப்பாதைச் சட்டம், நிலக்கொடைக் கல்லூரிச் சட்டம்; 1863, 1864 ஆம் ஆண்டுகளில் தேசிய வங்கிச் சட்டங்கள். போருக்குப் பிந்தைய தொழில்வளர்ச்சி இச்சட்டங்கள் வகுத்த தடத்திலேயே சென்றது.

இவ்வளர்ச்சியின் பயன் யாரைச் சேர்ந்தது என்பதையும் அச்சட்டங்களே காட்டுகின்றன. குடியேறியவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் வரை கிடைத்தது. இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு மைலுக்கு 6,400 ஏக்கர் வழங்கப்பட்டு, 1864இல் அது இருமடங்காக்கப்பட்டது. இந்நிலங்கள் தொல்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை. அடிமைத்தளையினின்றும் விடுபட்ட சுமார் 40 இலட்சம் மக்களின் நிலை வேறு. தென்கிழக்குக் கடலோரத்தில் அவர்களது குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களை முன்னாள் உடைமையாளர்களுக்கே மீட்டளித்தார். விடுதலை பெற்றோருள் பெரும்பாலோர் வாரச் சாகுபடியிலும் கடனிலும் சிக்கினர். தெற்கின் தனிநபர் வருமானமும் பல தலைமுறைகள் வடக்கினும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது.

இதனை வெறும் பற்றாக்குறையாகக் கருதவியலாது. அரசிடம் நிலமும் அதனைப் பகிர்ந்தளிக்கும் சட்டமும் இருந்தன. ஒருவருக்கு ஈந்து மற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றது அரசியல் முடிவு. போருக்குப் பின் ஒரு நாடு வளர்ந்தது என்று எழுதுகையில், எழுந்த ஆலைகளைக் கணக்கிடுவதோடு, நிலம் எவர் கையினின்றும் எவர் கைக்குச் சென்றது என்பதையும் வரலாற்று மாணவர் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவின்றி வளர்ச்சி விகிதம் மட்டும் போரின் விளைவைக் கூறிவிடாது.