ரத்தம் நம்முடையது, ரிசல்ட் யாருடையது?

1932. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேக்கன் கவுண்டி. அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வந்த ஏழைக் கறுப்பின விவசாயிகளைத் தேடி அரசு பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்கள் வந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். 399 பேருக்கு சிபிலிஸ் எனும் மேகநோய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பரிசோதனை முடிவு அரசுக்குத் தெரியும், மருத்துவர்களுக்குத் தெரியும். ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் தெரியாது. "உனக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டுமே சொன்னார்கள். சோகை, களைப்பு என்று பலவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் வழங்கிய பொதுச் சொல் அது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததைக்கூட இலவச சிகிச்சை என்று நம்பவைத்தார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் இந்நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. நோய் முற்றுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற முன்னாள் ஊழியர் தந்த தகவலை வைத்து ஜீன் ஹெல்லர் 1972 ஜூலையில் செய்தி வெளியிட்ட பிறகுதான், 40 ஆண்டுகள் நடந்த டஸ்கேகி ஆய்வு நின்றது.

தோழர்களே, இதை நிறவெறி என்று மட்டும் வாசித்தால் பாதிதான் புரியும். நோயாளியிடம் உண்மையை மறைப்பது அன்றைய மருத்துவத்தின் பொது வழக்கமாகவே இருந்தது. 1961இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெரும்பான்மை மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். "பயந்துவிடுவார்கள், புரியாது" என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த வழக்கத்தோடு நிறவெறியும் சேர்ந்தபோது டஸ்கேகி சாத்தியமானது.

1974இல் மனிதர்கள்மீது நடக்கும் ஆய்வுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. டஸ்கேகி கிளப்பிய கோபம் அதற்கு முக்கியக் காரணம். நோயாளி தன் ஆவணத்தைத் தானே பார்க்கும் உரிமை வேறு வழியாக, மெதுவாக வந்தது. 2014இல், ஆய்வகத்திலிருந்தே நேரடியாக முடிவைப் பெறலாம் என்று விதி வந்தது. 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, 2021 ஏப்ரல் 5 முதல் முடிவுகளைக் காரணமின்றித் தாமதிக்கக் கூடாது. இன்று அங்கே பல நேரங்களில் மருத்துவர் பார்க்கும் முன்பே முடிவு நோயாளியின் போனுக்கு வந்துவிடுகிறது.

இரவில் தனியாக இருக்கும்போது புற்றுநோய் என்று போனில் படிப்பது கொடுமையில்லையா? நியாயமான கேள்விதான். 2023இல் வெளியான ஆய்வில் 8,139 நோயாளிகளிடமும் அவர்களைப் பராமரிப்பவர்களிடமும் கேட்டார்கள். முடிவு மோசமாக இருந்தவர்களில் கவலை கூடியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் சுமார் 96 சதவீதத்தினர் உடனே வேண்டும் என்றார்கள். அப்படியானால் அச்சத்துக்கு மருந்து மறைப்பது அல்ல. என்ன வரக்கூடும் என்று பரிசோதனைக்கு முன்பே விளக்குவதும், எப்போது தெரிந்துகொள்வது என்பதை நோயாளியிடமே விடுவதும்தான்.

இணையதளம் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. போன் இல்லாதவருக்கும் மருத்துவ ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கும் அது இன்னொரு பூட்டிய கதவு. நம் ஊரிலும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்தமுறை யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அவர் மொழியில் அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.