இடிக்கப்படாத கோபுரம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1972-ஆம் ஆண்டு ப்ரூயிட்-ஐகோ அடுக்குமாடிக் குடியிருப்பை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். கட்டி முடித்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஏழைகளுக்காக எழுப்பப்பட்ட 33 கட்டடங்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாயின. புழுதி மேகத்துக்குள் சரியும் கட்டடத்தின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. நவீனக் கட்டடக்கலையின் மரணம் அதுவே என்று 1977-இல் சார்ல்ஸ் ஜெங்க்ஸ் என்ற விமர்சகர் எழுதினார். அந்தக் கட்டடங்களில் வாழ்ந்தவர்களின் முகம் அப்புகைப்படத்தில் இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரான்சும் இதே பாதையில்தான் நடந்தது. வீடற்றோர் பெருகிய காலம் அது. நகரங்களின் விளிம்புகளில் கான்கிரீட் தொகுப்புகள் வேகவேகமாக எழுந்தன. குளியலறையும் வெந்நீரும் உள்ள வீடு பலருக்கு அப்போதுதான் முதன்முதலாக வாய்த்தது. ஒரு தலைமுறைக்குள் அதே கட்டடங்கள் வறுமைக்கும் வன்முறைக்கும் மறுபெயராகிவிட்டன. 1986-இல் பாரிஸை அடுத்த லா கூர்நோவில் ஒரு நெடிய குடியிருப்பு வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. 2003-இல் வந்த சட்டமொன்று இதையே தேசியத் திட்டமாக்கியது. இரண்டு லட்சம் சமூக வீடுகளை இடிப்பது அதன் தொடக்க இலக்கு. அவற்றுக்கு ஈடாகப் புதியவை கட்டப்படும் என்றார்கள்.

இந்த வேளையில்தான் ஆன் லாக்காத்தோன், ஜான்-ஃபிலிப் வசால், ஃப்ரெடெரிக் ட்ரூஓ ஆகிய மூன்று கட்டடக்கலைஞர்கள் 2004-இல் ஓர் ஆய்வை முன்வைத்தனர். 'கூட்டல்' என்று பொருள்படும் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர். ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆகும் செலவில், இருக்கும் வீடுகள் பலவற்றைப் பெரிதாக்கித் திருத்திவிடலாம் என்பது அவர்களது வாதம். வசால் இளமையில் நைஜர் நாட்டில் பணியாற்றியவர். கையில் இருப்பதைக் கொண்டு செய்து முடிக்கும் பழக்கத்தை அந்தப் பாலைவனத்தில் கற்றதாக அவர் சொல்வதுண்டு. 1996-இல் போர்தோ நகரின் சிறு சதுக்கமொன்றை அழகுபடுத்தும் பணி லாக்காத்தோனையும் வசாலையும் தேடி வந்தது. சதுக்கம் ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளைக்கல்லை மாற்றிப் பராமரித்தால் போதும் என்று சொல்லிவிட்டனர்.

பேச்சு செயலானது பாரிஸின் வடக்கு விளிம்பில், சுற்றுச்சாலையின் ஓரத்தில் நின்ற புவா-லெ-ப்ரெத்ர் கோபுரத்தில். 1960-களின் தொடக்கத்தில் ரெமோன் லோபெஸ் வடிவமைத்த கட்டடம் அது, 96 வீடுகள். இடையில் நடந்த ஒரு சீரமைப்பு சுவர்களைப் போர்த்திச் சன்னல்களைச் சுருக்கியதில் வீடுகள் இன்னும் இருண்டன. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 2005-இல் நடந்த போட்டியில் மூவரும் வென்றனர்.

அவர்கள் செய்ததைச் சொல்வது எளிது. பழைய வெளிச்சுவரை அகற்றினார்கள். தொழிற்சாலையில் தயாரான சட்டகங்களைப் பாரந்தூக்கியால் ஏற்றி, கோபுரத்தைச் சுற்றித் தளம் தளமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மீட்டர் அகலத்தில் கண்ணாடித் தாழ்வாரமும் அதற்கு வெளியே ஒரு மீட்டர் பால்கனியும் கிடைத்தன. சிறு சன்னல் இருந்த இடத்தில் தரைவரை திறக்கும் கண்ணாடிக் கதவு வந்தது. குளிர்காலத்தில் தாழ்வாரம் வெயிலைச் சிறைப்பிடித்து, வீட்டுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே காற்றுப் போர்வையாகிறது. கோடையில் அதைத் திறந்துவிடலாம். வெப்பமூட்டும் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2011-இல் பணி முடிந்தபோது ஆன செலவு சுமார் 1.1 கோடி யூரோ. இடித்துக் கட்டியிருந்தால் சுமார் 2 கோடி ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு.

இந்தக் கணக்கைவிட முக்கியமானது, பணி நடந்த காலமெல்லாம் குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பது. அண்டைவீட்டாரும், பிள்ளைகளின் பள்ளியும், நாற்பதாண்டு நினைவுகளும் சிதறவில்லை. இடிப்பவர்களின் கணக்கேட்டில் இவற்றுக்குப் பத்தியே கிடையாது. இடிக்கும்போது இழக்கப்படும் சிமெண்டையும் எஃகையும், அவற்றை உருவாக்க எரிந்த எரிபொருளையும்கூட நாம் அண்மையில்தான் கணக்கிடத் தொடங்கியிருக்கிறோம்.

ஒரு கோபுரத்தில் முடிந்தது எங்கும் முடியுமா என்று கேட்டவர்களுக்குப் போர்தோவின் கிராந் பார்க் பதிலளித்தது. அங்கே மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். தாழ்வாரத்தின் அகலம் 3.8 மீட்டர். இங்கும் யாரும் வெளியேற்றப்படவில்லை, வாடகையும் உயர்த்தப்படவில்லை. இப்பணிக்கு 2019-இல் மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது. 2021-இல் லாக்காத்தோனும் வசாலும் ப்ரிட்ஸ்கர் பரிசு பெற்றனர்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எலும்புக்கூடு உறுதியாக இருந்தால்தான் இந்த வழி செல்லும். வேலையின்மையைக் கண்ணாடித் தாழ்வாரம் போக்காது. விருதுகளுக்குப் பிறகும் இடிப்பு நிற்கவில்லை. லண்டனில் ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்து 1972-இல் நிறைவுற்ற ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பை 2017-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் முகப்பில் ஒரு துண்டை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்தது. 2025-இல் திறந்த அதன் புதிய கிடங்கில் பார்வையாளர்கள் அதை அண்ணாந்து பார்க்கலாம். பாரிஸ் கோபுரத்தின் தாழ்வாரங்களுக்குப் பார்வையாளர்கள் வேண்டியதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் நாற்காலி போட்டிருக்கிறார்கள், செடி வளர்க்கிறார்கள்.