தளர்ந்த முளையும் நீர்த்த பசையும்

திருச்சபை இசையின் சரித்திரத்தை ஆராய்வோர் கவிராயரையும் இராகத்தையும் குறித்து விரிவாய் எழுதுவர்; வாத்தியம் பழுதுற்ற கதையை எழுதுவோர் அரியர். ஆயினும், ஐரோப்பியரோடு இந்நாட்டிற்கு வந்த பியானோ நம் கிராம ஆலயங்களில் நிலைபெறாமற் போனதற்குரிய காரணங்களுள் ஒன்று அதன் மரப்பலகைக்குள்ளேயே மறைந்திருக்கிறது.

பியானோவில் ஏறத்தாழ 230 தந்திகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் எஃகு முளையிற் சுற்றப்பட்டு, சுமார் 70 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுக்கப்பட்டிருக்கும். வீணைக்குப் பிரடை எவ்வாறோ, இதற்கு முளை அவ்வாறு. கடின மரப்பலகையில் இட்ட துளையின் இறுக்கமே அதை நிறுத்துகிறது. சேலத்துக்கும் ஆத்தூருக்கும் இடைப்பட்ட வாழப்பாடிச் சமவெளியை எண்ணிப் பாருங்கள். சித்திரை வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஈரமேறிப் பருக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு நேரிடத் துளையின் சுவர் நசுங்கித் தளரும். காலையிற் சேர்த்த சுருதி மாலைக்குள் இறங்கிவிடும். வழுக்கும் பிரடைக்குச் சுண்ணக்கட்டி தேய்த்தால் போதும். பியானோ அதற்கு அடங்காது.

இலண்டன் மிஷனெரி சங்கத்தார் சேலத்தில் 1827ஆம் ஆண்டு ஊழியந் தொடங்கினர். சென்னையில் மிஸ்க்வித் கம்பெனி 1842இல் தோன்றியது. இன்று மியூசி மியூசிக்கல் என வழங்குவது அதுவே. அதே 1842இல் பாரிஸில் தெபேன் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தியிடும் சிறு பெட்டியாக்கினார். அதில் தந்தியுமில்லை, தளரும் முளையுமில்லை. ஆர்மோனியத்தின் வெற்றிக்கு விலைமலிவையே காரணங்காட்டுவது வழக்கம். சுருதி சேர்ப்பவன் தொலைவிலுள்ள பட்டணத்தில் இருந்ததையும் உடன் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

வெப்பநாடுகளுக்கென்றே செய்த பியானோக்களில், வச்சிரப்பசை ஈரத்தில் நெகிழுமென்று அஞ்சி, இணைப்புகளுக்குத் திருகாணிகளையும் பித்தளைப் பட்டைகளையும் ஐரோப்பியர் சேர்த்தனர். முளை தளர்ந்தாலோ, அதை ஆழ அடிப்பர். பருத்த முளையை மாற்றுவர். துளைக்குள் உப்புத்தாள் சுருளைச் செருகுவர். மரத்தைப் பருக்கவைக்கக் கிளிசரின் கலந்த திரவத்தை ஊற்றியவர்களும் உண்டு. அது பிசுபிசுத்துத் துருவையும் வருவித்தது.

இன்று அவ்விடத்திற்கு வந்திருப்பது சயனோஅக்ரிலேட் என்னும் நீர்த்த பசை. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் குழுவினர், தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடுகையில் இதைக் கண்டு, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று ஒதுக்கிவிட்டனர். 1951இல் அதன் அருமை விளங்கிற்று. 1958இல் கடைக்கு வந்தது. காற்றின் ஈரமே இதை இறுகச் செய்கிறது. பழைய பசையைக் கெடுத்த ஈரம் இதற்கு உதவிக்கு நிற்பது விந்தையே!

நிமிர்ந்த பியானோவை முதுகுப்புறமாய்க் கிடத்தி, ஒவ்வொரு முளையின் அடியிலும் சில துளிகள் விடுவர். மயிரிழை விரிசலிலும் அது இறங்கும். உறிஞ்சியபின் மறுபடியும் விடுவர். சாளரங்கள் திறந்திருக்கவேண்டும், ஆவி கண்ணை எரிக்கும். நன்றாய் இறுகியபின்னரே சுருதி சேர்ப்பர். ஊறிய பசையைத் திரும்ப எடுக்க இயலாதென்று தயங்கும் தொழிலாளரும் உளர், அத்தயக்கம் நியாயமானதே. ஆனால் பலகை மாற்றும் செலவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட வாத்தியத்தில் இழப்பதற்கு என்ன இருக்கிறது? பலகையே அடுக்கடுக்காய்ப் பிளந்துபோயிருப்பின் மட்டும் இப்பசையாற் பயனில்லை. அப்போது பலகையைத்தான் மாற்றவேண்டும்.