களரியிலிருந்து கலைவிழாவுக்கு: கிழக்கிலங்கைப் பல்கலைக்கழக அரங்கில் இசையும் கூத்தும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், கடலும் உப்பாறும் காடும் சூழக் கிடக்கும் வாகரைப் பிரதேசத்தில், குமார தெய்வத்தை வழிபடும் கரையோர வேடர் மரபினர் தம் சடங்குகளிலே பாடும் பாடல்களை ஒருமுறை கேட்டவர், சங்கீதம் என்பது சபைக்கும் மேடைக்கும் மாத்திரம் உரிய வித்தை என்று பின்னர் ஒருபோதும் கருதமாட்டார். அச்சடங்கு நிகழும் முன்றலிலிருந்து வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அரங்கை அடைய இன்று ஒரு சிறு பிரயாணமே போதும். ஆயினும், கிராமத்தின் வாத்தியமும் ஆட்டமும் அத்தகைய அரங்கிலே சமகாலக் கலையென்னும் அந்தஸ்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வேண்டியிருந்தது. அக்கால வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், புதிய கலைக்குப் பிரபுக்களும் திருச்சபையும் அளித்துவந்த ஆதரவின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தொடங்கின. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் 1948இல் ஆரம்பித்த சமகாலக் கலைவிழா இதற்குத் தக்க உதாரணமாகும். 1957இல் அவ்விழாவில் தமது படைப்பொன்றை அரங்கேற்றிய ஹாரி பார்ச் என்பவர், ஒரு ஸ்தாயியை 43 சுரங்களாக வகுத்து, அவற்றை இசைக்கத்தக்க வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்துகொண்டவர். அவற்றுள் ஒன்று பண்டைய கிரேக்கரின் யாழை அடியொற்றியது. மிகப் புதியதைத் தேடிய அம்மனிதர் மிகப் பழையதனிடம் சென்றார் என்பது நமக்கு வியப்பாகத் தோன்றவேண்டியதில்லை. ஏனெனில், அதே முயற்சியை அவருடைய காலத்திலேயே காரைதீவில் பிறந்த ஒருவர் தமிழில் செய்து முடித்திருந்தார்.

அவர்தாம் சுவாமி விபுலாநந்தர்; விஞ்ஞானப் பட்டதாரி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் ஆதாரமாகக் கொண்டு, 22 அலகுகளின் கணிதத்தைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் அமைப்பை மீட்டெடுக்க அவர் உழைத்த உழைப்பின் பயனாகிய யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். மட்டக்களப்பு வாவியிலே நிலவுக் காலத்தில் எழுகின்ற ஓசையை நீரரமகளிரின் இன்னிசையாகக் கேட்டு அவர் பாடியதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். கணிதமும் கற்பனையும் ஒரே செவியில் கூடியிருந்தமையாலன்றோ, பழைய கருவியை நூதனசாலைப் பொருளாக எண்ணாமல், இன்றைக்கும் மீட்டத்தக்க கருவியாக அவரால் எண்ண முடிந்தது!

ஆயின் யாழ் ஏட்டிலே கிடந்த கலை. கூத்தேட்டைப் பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியாரின் கொப்பியிலும் மத்தளத்தின் தாளக்கட்டிலும் ஆடுவோரின் காலிலும் உயிரோடு நின்ற கூத்தை நாடிப் பல்கலைக்கழகம் வருவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. பேராதனையில் விரிவுரையாற்றிய சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தைக் கற்று, மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றினார். யாழ்ப்பாணத்தவராகிய அப்பேராசிரியருக்கு ஆட்டமும் தாளமும் கற்பிக்கத் துணைநின்றவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த கூத்தாசான் செல்லையா அண்ணாவியார். கிராமத்து அண்ணாவியார் ஒருவர் பேராதனைக்குக் குருவாகச் சென்ற அந்நிகழ்ச்சியையே, பிற்காலத்துப் பல்கலைக்கழகக் கலைவிழாக்கள் அனைத்திற்கும் மூலமாக நான் கொள்கின்றேன்.

அதனால் வந்த நஷ்டத்தையும் சொல்லாமல் விடலாகாது. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேர அளவினதாகச் சுருங்கிற்று. நாற்புறமும் சனங்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒருபக்கம் மாத்திரம் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. ஆடுவோருக்கு அவரவர் பாத்திரப் பாடல்களை வழங்கும் சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிதல் ஈறாக ஊரையே மாதக்கணக்கில் பிணைத்துவைத்த முயற்சி ஒத்திகை என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. எனினும், கூத்து நாகரிகமற்றவர்களின் பொழுதுபோக்கு என்று படித்தோர் புறக்கணித்த காலத்தில், அதற்குச் சபை மரியாதை பெற்றுத்தந்த பெரும்பணிக்கு முன்னே இந்நஷ்டம் சிறிதென்றே எனக்குப் படுகிறது.

கர்ணன் போரிலும் இராவணேசனிலும் பிரதான பாத்திரம் ஏற்று ஆடிய மாணவர் சி. மௌனகுரு. அமிர்தகழியில் பிறந்த அவர், 1969இல் சங்காரம் என்னும் நாடகத்தை ஆக்கி, இதிகாசக் கதைகளை ஆடிவந்த வடமோடி என்னும் கூத்துவகையைச் சமூக ஒடுக்குமுறையைப் பேசும் சமகாலக் கலையாக்கினார். 1981இல் வந்தாறுமூலையிலே, செல்லையா அண்ணாவியாரின் அதே ஊரிலே, மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1990இல் யுத்தத்துக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கானோர் அவ்வளாகத்திலே அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். அத்துயரம் ஆறுமுன்னரே, அத்தசாப்தத்தில் மௌனகுருவின் வழிகாட்டலில் நுண்கலைத்துறை அங்கு வேரூன்றி, மார்ச் 27ஆம் நாளாகிய உலக நாடக தினத்தை ஒட்டி நாடகவிழாக்களை நடத்தலாயிற்று.

அத்துறை 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய இன்னிய அணியே இவ்வரலாற்றின் சிகரமென்பது என் துணிபு. நம் நாட்டு விழாக்களில் பிரமுகர்களை அழைத்துச்செல்ல மேனாட்டு பாண்ட் வாத்தியமே முன்செல்வது வழக்கம். அதற்குப் பதிலாகப் பறை, மத்தளம், உடுக்கு, சல்லரி, சங்கு முதலிய நம் கருவிகளைத் தாங்கி, கூத்தின் உடையை அடியொற்றிய உடையணிந்து, கூத்தின் ஆட்டமுறைப்படி அடிவைத்து மாணவர் வந்தனர். சாவீட்டுக்குரியதென்றும் ஒரு குலத்தாருக்குரியதென்றும் தாழ்த்திவைக்கப்பட்டிருந்த பறையைப் பல சமூகத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழக வைபவத்திலே தோளில் ஏந்திய அக்காட்சி, எந்தச் சமகாலக் கலைவிழாவின் புதுமைக்கும் குறைந்ததன்று.

1982இல் கல்லடியில் தோன்றிய இசை நடனக் கல்லூரி, 2005இல் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நிற்கிறது. இதற்கிடையில், கலையைக் கிராமத்திலிருந்து எடுத்துவந்து காட்டுவது போதாது, கிராமத்தவரோடு கலந்து அவர்களுடைய களரியிலேயே மீளுருவாக்க வேண்டும் என்ற கொள்கையுடன் கிழக்குப் பல்கலைக்கழக ஆசிரியரான சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்தில் கூத்து மீளுருவாக்க முயற்சியைத் தொடங்கினார். படச்சட்ட மேடை விழுங்கிய வட்டக்களரியைத் திரும்பக் கேட்ட அக்குரல் நியாயமானது.

தொடக்கத்தில் நாம் கண்ட வாகரையின் மக்கள் 2004இல் ஆழிப்பேரலைக்கும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் யுத்தத்துக்கும் தம் வீடுவாசல்களை விட்டு ஓடி, மீண்டும் வந்து குடியேறியவர்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் கொப்பிகளும் மத்தளங்களும் அழிகின்றன. பாடத்தெரிந்த முதியோரும் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஆதலின், கலைவிழா நடத்தும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று வேண்டுகின்றேன்: அடுத்த விழாவின் ஓர் இரவையேனும் வாகரையிலே ஒரு கோயில் முன்றலில் களரி கட்டி நடத்துங்கள், பாடுவோரின் அனுமதியைப் பெற்று, அவர் பெயரோடு அவர் பாட்டையும் பதிவு செய்துகொண்டு திரும்புங்கள்.